நரைத்த பிறகும்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி புதூர்நாடு போகிறவர்களுக்கு ஒரு சிபாரிசு. தேன், சாமை வாங்குவதெல்லாம் சரி. பையில் ஒரு நற்றிணையும் இருக்கட்டும். மலை என்றால் குறிஞ்சி, குறிஞ்சி என்றால் காதல். அந்தக் காதலில் பாதி வேலை தோழிக்கு. ராத்திரி வருகிறவனுக்கு இடம் சொல்வது, அம்மாவைச் சமாளிப்பது, 'எப்போ கல்யாணம்?' என்று அவனை நெருக்குவது எல்லாம் அவள்தான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் அவள் பேச்சு.

நான் படிக்கச் சொல்வது 10-ம் பாட்டு. குறிஞ்சி அல்ல, பாலை. 9 வரி. பாடியவர் பெயர் இல்லை. தலைவி வீட்டைவிட்டு அவனோடு கிளம்புகிறாள். தோழி பிடித்துக் கொடுக்கிறாள். இவள் உடம்பு தளர்ந்து, இந்த நீளக் கூந்தல் நரைத்த பிறகும் விட்டுவிடாதே, பழையனின் வேல் மாதிரி உன் வார்த்தையும் தப்பாது என்று நம்பி வருகிறாள் என்கிறாள்.

ஓடிப்போகிற அவசரத்தில் யாருக்கு ஐயா கிழவயசு ஞாபகம் வரும்? சிநேகிதிக்குத்தான் வரும். பாட்டைச் சொல்லித் தருகிறவர்கள் தலைவனின் கடமையைப் பேசிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவளுக்கும் தலை நரைக்குமே, அப்போது பக்கத்தில் யார்? அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. கல்யாணத்துக்குப் பின்னும் சங்கப் பாட்டில் தோழி வருவாள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் கணவனை உள்ளே விடலாமா என்று வாதாட. அங்கேயும் பேச்சு அவனைப் பற்றியே.

இந்தக் குறையைத் தொட்ட தமிழ் சினிமா ஒன்று உண்டு. 2017-ல் பிரம்மா இயக்கிய 'மகளிர் மட்டும்' (1994-ல் வந்தது வேறு படம்). ஊர்வசி, பானுப்ரியா, சரண்யா மூவரும் பள்ளித் தோழிகள். பல வருஷம் தொலைந்துபோய், பிள்ளை குட்டி எல்லாம் ஆனபின் சந்திக்கிறார்கள். காதல் வழக்கமாகச் சிநேகிதிகளைப் பிரிக்கும். இங்கே ஊர்வசி மகனின் காதலி, ஜோதிகா, அவர்களைச் சேர்த்து வைக்கிறாள். கணவன்மார்களை அத்தனை முரடாகக் காட்டியிருக்க வேண்டாம். பிரசங்கமும் கொஞ்சம் தூக்கல். ஆனால் மூன்று பேரும் ஆண்களை மறந்து சும்மா உட்கார்ந்து சிரிக்கும் இடங்கள் இருக்கின்றன. டிவியில் போட்டால் அதற்காகப் பாருங்கள்.