இரும்பும் மரமும் சந்திக்கும் விளிம்பு

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, யந்திரத்தின் தயவை நாடாமல் கையாலேயே அதற்கொரு பிரதி செய்து முடித்த வினைஞனின் திறமையை மதிப்பிட விரும்புகிறவர், வெள்ளிக் கொடிவேலையிலும் தங்கக் கம்பிச் சித்திரத்திலும் மனத்தைப் பறிகொடுப்பதற்கு முன்னால், இரும்புப் பூட்டு மரக்கட்டைக்குள் அமர்ந்திருக்கும் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அங்கே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் போதும், மேலே உள்ள ஆபரணம் அத்தனையும் வெறும் ஜோடனைதான்.

மணவாள நகரில் குடியிருப்பவனுக்கு வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிருந்து காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களில், அரம் பிடித்துக் கை பழுத்த பிட்டர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்; இரண்டு இரும்புப் பரப்புகள் முழுதும் பொருந்துகின்றனவா என்று அறிய, ஒன்றில் நீலச்சாயத்தை மெல்லிசாகத் தடவி மற்றொன்றை அதன்மேல் ஒற்றி, சாயம் பட்ட மேடுகளை மட்டும் சுரண்டியெடுத்து, மறுபடியும் ஒற்றி, மறுபடியும் சுரண்டும் வித்தையை அவர் சொல்லுவார். துப்பாக்கி வினைஞன் செய்வதும் அதுவே. சாயத்துக்குப் பதிலாக விளக்குப் புகைக்கரி; அடியில் இரும்புக்குப் பதிலாக அக்ரூட் மரம். புகை படிந்த பூட்டுத் தகட்டை மரத்தில் அழுத்தி எடுத்தால் கறுப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உளி படலாம். இரும்பில் அதிகம் போனால் மற்றொரு தகட்டை அடித்துக்கொள்ளலாம். மரத்தில் ஒரு சீவல் அதிகம் போனால் கட்டையே வீண்.

பூட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பரீட்சை இருக்கிறது. விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து, அதன் வாயில் கவ்விய சிக்கிமுக்கிக் கல் எஃகு மூடியில் உரசி, பொறி ரஞ்சகக் குழியில் விழுந்து, பற்றுவாய் வழியே நெருப்பு உள்மருந்தைச் சேர வேண்டும். இத்தனையும் ஒரே கணத்தில் நடப்பதற்கு வில்தகடுகள் சரியான பதத்தில் இருந்தாக வேண்டும். செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த எஃகு, கண்ணாடியைப் போல் நொறுங்கும் கடினத்தை அடைகிறது. அதை மெருகேற்றி மீண்டும் இளஞ்சூட்டில் காட்டினால் வைக்கோல் நிறம் வந்து, கபிலமாகி, ஊதா பாய்ந்து, கடைசியில் நீலம் படரும். வில்லுக்கு உரியது அந்த நீலம். அது படர்ந்த கணத்தில் எடுக்கத் தவறினால் வில் சோம்பிப் போகும். முன்பே எடுத்துவிட்டால் முதல் இழுப்பிலேயே முறியும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைய நகரத்துப் பட்டறையில் வாலஸ் கஸ்லர் என்ற வினைஞர், பதினெட்டாம் நூற்றாண்டு முறைப்படியே ஒரு நெடுந்துப்பாக்கியைச் செய்ததை 1969-இல் ஓர் ஆவணப்படம் ஆக்கினார்கள். தட்டை இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி வளைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டிக் குழலாக்குவதும், மரத்தாலான வழிகாட்டியின் துணையால் சிறு வெட்டுப்பல்லை எண்ணற்ற முறை இழுத்துக் குழலின் உட்புறத்தில் சுருள் வரிகளைப் பிறப்பிப்பதும், பித்தளை உறுப்புகளை மணல் அச்சில் வார்ப்பதும் அதில் காணலாம். நிதானத்தை விரும்புகிறவர்களுக்கு அது விருந்து.

பிரதி செய்கிறவர்கள் பெரும்பாலும் தோற்கும் இடம் பருமன். மூலத் துப்பாக்கிகள் நாம் எண்ணுவதைவிட ஒல்லியானவை. குழலின் பின்புறம் தடித்தும் வாய்ப்புறம் நோக்கி மெலிந்தும், கட்டையில் அவசியத்துக்கு மேல் ஒரு பிடி மரமும் இல்லாமலும் இருக்கும். பயந்த கை மரத்தை மிச்சம் வைத்துவிடுகிறது. அதனால் பிரதி தூக்கும்போதே கனக்கிறது. பழமையைக் காட்டுவதற்காக அமிலம் ஊற்றித் துருவேற்றுவதையும், சங்கிலியால் அடித்துக் கட்டையில் தழும்புண்டாக்குவதையும் நான் கலையென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வியாபாரியின் தந்திரம்.

பிரதி என்றதும் இழிவாக நினைப்பது நம்மவருக்குப் பொருந்தாது. சுவாமிமலையில் மெழுகில் உருவாக்கி, மண் பூசி, உருக்கி வார்க்கும் நடராஜர் சோழர் காலத்து லட்சணத்தையே பின்பற்றுகிறார்; அவரை நகல் என்று எவரும் சொல்வதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்குச் செய்த துப்பாக்கிகளும் ஐரோப்பியப் பூட்டின் அமைப்பைத் தழுவியவைதாம். ஆனால் அங்கங்கே புலித்தலையும் புலிவரியும் பொறித்துத் தங்கள் முத்திரையை இட்டுவிட்டார்கள் அந்தப் பட்டறைக்காரர்கள். உதயப்பூர்க் கோப்த்காரிக் கைவினைஞரிடமும் இத்தகைய துணிவைக் காணலாம். எஃகின்மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் நுண்ணிய கீறல்களை இட்டு, அந்தச் சொரசொரப்பில் தங்கக் கம்பியைச் சுத்தியலால் தட்டி ஒட்டவைத்து, கல்லால் தேய்த்து மெருகிடும்போது, பசையோ பற்றாசோ இல்லாமலேயே பொன் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கையில், சுடக்கூடிய துப்பாக்கியை உரிமமின்றிச் செய்யலாகாது; 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டைப் பொழுதுபோக்குக்கும் இடம் போயிற்று. அதனால் ரசிகனுக்கு இழப்பொன்றுமில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையின் ஆயுதங்கள் கண்ணாடிக்குள் காத்திருக்கின்றன.

எவ்வளவு தேர்ந்த வினைஞனும் பிரதியெடுக்காமல் விட்டுவிடும் உறுப்பு ஒன்றுண்டு: குதிரையின் வாயில் இருக்கும் கல். அதைப் பழைய முறையிலேயே கல்லை உடைத்துச் சீவித்தான் எடுக்கிறார்கள். அறுத்துச் செய்த கல்லைவிட அதன் முனைக்கு வெட்டு அதிகம் என்பது பலரின் அனுபவம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தச் சீவல் புதிதன்று. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்தில் கண்டெடுத்த கைக்கோடரிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் கல்லில் அடித்துச் செய்தவை. அவ்விடத்து மிகப் பழைய கருவிகளின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். துப்பாக்கிக் கல்லை அப்படியே குதிரையின் தாடையில் இறுக்கினால் வழுக்கும். அதனால் தோல் துண்டிலோ ஈயத் தகட்டிலோ சுற்றியே வைப்பார்கள். முனை மழுங்கியதும் கல்லைப் புரட்டிப் போடுவார்கள், பிறகு புதுக்கல்தான்.