பழனி ஆண்டி வந்த சீட்டு

தர்மபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தைப்பூசத் தேரைப் பெண்கள் நாங்கள்தான் வடம் பிடித்து இழுப்போம். இழுத்து முடித்து, சிவந்த உள்ளங்கையோடு கடைத்தெருவில் வரும்போது சீட்டு ஜோசியர் கண்ணில் பட்டார். கிளி இல்லை, விரித்த துணியும் சீட்டுக் கட்டும் மட்டும். "உன் கையாலயே ஒண்ணு எடு தாயி" என்றார். எடுத்தேன். பழனி ஆண்டி!

அடடா, அந்தப் படத்தை என்னவென்று சொல்ல! உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மொட்டைத் தலை, கோவணம், வலக்கையில் தண்டம், இடக்கை இடுப்பில். மயில் தோகைக்கு அடித்த நீலம் கோடு தாண்டி ஆண்டியின் தோளிலும் ஏறியிருந்தது. ஆயிரம் கை பட்டு ஓரமெல்லாம் துணி மாதிரி நைந்துபோன சீட்டு. ஜோசியர் ராகம் போட்டார்: "பங்கு விசயத்துல மனத்தாங்கல் உண்டு, கோவிச்சிக்கிட்டுத் தனியா நிப்ப, நின்ன எடம் ஊராகும் தாயி!"

யோசித்துப் பார்த்தால், பழம் அண்ணனுக்குப் போனதால் முருகன் கோபித்து மலையேறிய மாம்பழக் கதை முழுக்க அதில் இருக்கிறது. ராமர் பட்டாபிஷேகம் வந்தால் நல்லது, வனவாசம் வந்தால் கஷ்டம், குழந்தைக்கும் புரியும். ஆண்டி சீட்டு அப்படியில்லை. இழந்தவனும் இவன்தான், ஆளப்போகிறவனும் இவன்தான். கோவணம் 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்கிறது. இடுப்பில் ஊன்றிய கையோ 'மலை என்னுடையது' என்கிறது! பழனியில் அதே ஆண்டிக்குத்தானே சாயரட்சையில் ராஜ அலங்காரம்?

27 நட்சத்திரத்துக்கு 27 சீட்டு என்பது வழக்கமான கணக்கு. கெஞ்சி வாங்கிக் கட்டைப் புரட்டினேன். பிள்ளையார், லட்சுமி, சனீஸ்வரன், நடுவே கைக்குழந்தையோடு மாதா. எந்தச் சாமியையும் இந்தக் கட்டு வெளியே நிறுத்துவதில்லை.

மேல்நாட்டு டாரட் சீட்டுப் பிரியர்கள் கோபிக்க வேண்டாம், அதுவும் எனக்குப் பிடிக்கும். 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் கட்டில் 78 சீட்டுகள்; வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அதில் ஒன்பதாம் எண் துறவி. பனிமலை உச்சி, சாம்பல் அங்கி போர்த்திய கிழவர், ஒரு கையில் கோல், மறுகையில் லாந்தர். லாந்தருக்குள் எரிவது ஆறுமுனை நட்சத்திரம்! அங்கே அதைச் சாலமன் முத்திரை என்பார்கள். நமக்கோ பார்த்ததும் சரவணபவ சக்கரம்தான் ஞாபகம் வரும். ஒன்றுக்கொன்று உறவில்லைதான், இருந்தாலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. மலை, கோல், தனிமை எல்லாம் ஒன்று. ஆனால் துறவி தலை குனிந்து நிற்கிறார். நம் ஆள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான், அதுவும் சின்னப் பையன். என் ஓட்டு ஆண்டிக்கே.

பலிக்குமா என்று கேட்காதீர்கள், நான் அதற்காக உட்காரவில்லை. ஒரு படத்தை இன்னொருவர் உங்களுக்காக வாய்விட்டுப் படித்துக் காட்டும் சுகம் வேறெங்கே கிடைக்கும்?

ஒன்றே ஒன்று. கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் கிளி இல்லாத ஜோசியராகப் பார்த்து உட்காருங்கள், சீட்டை நீங்களே எடுங்கள், காசைக் குறைக்கச் சொல்லிப் பேரம் மட்டும் பேசாதீர்கள்.