வில்பட்டிக்கு இரண்டு லென்ஸ் போதும்

இருபத்து மூன்று, ஐம்பது. கேமராவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த இரண்டு எண்களையும் சொல்லாமல் என்னால் வாயை மூட முடிவதில்லை. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்எஃப் வரிசையில் 2016இல் வந்த 23 மி.மீ. எஃப்2, அடுத்த வருஷம் வந்த 50 மி.மீ. எஃப்2. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு உலோகக் குழல்கள்! முதலாவது 180 கிராம், இரண்டாவது 200 கிராம். இதே நிறுவனத்தின் 50-140 ஜூம் தனியாகவே ஏறக்குறைய ஒரு கிலோ கனக்கும். கொடைக்கானலுக்குப் பக்கத்திலுள்ள வில்பட்டியின் படிகளில் ஏறி இறங்கும்போது அந்த வித்தியாசத்தை முழங்கால் நன்றாக உணரும்.

என் அக்கா மகள் இத்தாலிக்குப் போவதாக இருந்தாள். "மாமா, நாலு லென்ஸ் எழுதி வச்சிருக்கேன், எதை விடலாம்னு சொல்லுங்க" என்று கேட்டாள். பட்டியலை நான் வாங்கிப் பார்க்கவே இல்லை. "ஒரு நாள் என்கூட வில்பட்டிக்கு வா. அங்கே தேவைப்படாதது எதுவும் உனக்கு இத்தாலியிலும் தேவைப்படாது" என்றேன். சும்மா சொன்னதில்லை. அவள் போகவிருந்த சிங்க்வே தெர்ரே, கடலோரச் சரிவில் கல்லடுக்கிப் படிப்படியாக நிலம் வெட்டி, அதன் நடுவே வீடுகளை நெருக்கிக் கட்டிய ஊர்கள். அந்தப் படிநிலங்களுக்காகவும் சேர்த்துத்தான் 1997இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கடலை எடுத்துவிட்டுப் பள்ளத்தாக்கை வைத்துப் பாருங்கள், வில்பட்டி கண்ணுக்குத் தெரியும்.

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரி, படகு, குதிரைச் சவாரி என்று நகரத்துக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாயுடுபுரம் வழியாகக் கொஞ்ச தூரம் இறங்கினால் வில்பட்டியில் மலை வேறு முகம் காட்டுகிறது. சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய காடுகள். (இங்கே தோட்டத்தையும் காடு என்றுதான் சொல்வார்கள்.) பூண்டு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பச்சை. புதிதாகக் கொத்திய மண் அவற்றுக்கு நடுவே செம்பழுப்பாகக் கிடக்கும். காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வரப்புகளின் நிழல் கோடுகோடாக இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! அந்தக் காட்சிக்காகவே மறுபடியும் மறுபடியும் போகிறேன்.

முதலில் 23. ஃபியூஜி கேமராவின் சிறிய சென்சாரில் இது பழைய ஃபிலிம் கேமராவின் 35 மி.மீ. பார்வையைத் தரும். ஒரு சந்தில் நின்றால் இரண்டு பக்கச் சுவரும், நடுவே ஏறும் படிக்கட்டும், மேலே கொடியில் காயும் ஸ்வெட்டரும் சட்டகத்துக்குள் வந்துவிடும். எதுவும் வளையாது, முகம் இழுபடாது. நடந்துகொண்டே எடுப்பதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் பயன்படும்: அப்பர்ச்சரை எஃப்8இல் வைத்து, ஃபோகஸை மூன்றரை மீட்டரில் பூட்டிவிடுங்கள். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளேயிருந்து மலை முகடு வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும். மூட்டை சுமந்து வருகிறவர் திருப்பத்தில் எதிர்ப்படும் கணத்தில் கேமரா யோசித்துக்கொண்டு நிற்காது.

இந்த லென்ஸ் தன் முழு அழகையும் காட்டுவது வீட்டுக்குள்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். அந்தப் பூண்டைக் கட்டுக்கட்டாக உள்ளே தொங்கவிட்டுப் புகை படவைத்து, மாதக்கணக்கில் கெடாமல் காப்பது இங்குள்ள வழக்கம். "வெளிய நிக்காதீங்க சாமி, குளிருது, உள்ள வாங்க" என்று ஒரு பாட்டி கூப்பிட்டபோது அப்படி ஒரு வீட்டுக்குள் போனேன். அடுப்பு வெளிச்சமும் கதவு வழியே வரும் கொஞ்சம் பகலும்தான் உள்ளே இருந்தன. எஃப்2 அங்கே கைகொடுத்தது. ஃபிளாஷ் போட்டிருந்தால் அந்தப் புகையின் நீலம் செத்துப்போயிருக்கும்! பூண்டுத் தோலின் ஊதா ரேகையை எடுக்க 22 சென்டிமீட்டர் வரை நெருங்கவும் முடிந்தது. அவ்வளவு கிட்டத்தில் எஃப்2இல் கொஞ்சம் மெழுகாகத் தெரியும், எஃப்4க்கு இறக்கினால் கத்தி மாதிரி கூர்மை வந்துவிடும்.

இன்னொன்று. குளிரில் இருந்த கேமராவோடு அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைந்தால், உலை ஆவி லென்ஸின் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். வாசலிலேயே கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, உள்ளே போய் ஒரு டீ குடித்து முடித்த பிறகு எடுங்கள். துடைக்கத் துடைக்க மறுபடி படியும், அதனால் துடைக்க வேண்டாம்.

அடுத்தது ஐம்பது. என் செல்லம்! பழைய கணக்கில் 75 மி.மீ.க்கு இது சமம். ஒரு படியில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்தால், இருபது படிநிலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி வந்து, நடுவே களையெடுக்கும் ஐந்தாறு பெண்கள் வண்ணப் புள்ளிகளாகத் தெரிவார்கள். அகல லென்ஸில் இதே காட்சி வெறும் பச்சைச் சரிவாகத் தூரத்தில் போய் நிற்கும். பனிமூட்டம் ஏறும்போதுதான் 50 இன்னும் சிறக்கும். மூட்டம் ஒரு வரிசை மரத்தை விட்டுவிட்டு அடுத்த வரிசையை மறைக்கும். அந்த ஒரே ஒரு அடுக்கை மட்டும் அறுத்து எடுக்க இதன் பார்வை அளவாக இருக்கிறது. ஆளை எடுப்பதற்கும் இதுவே. இரண்டு எட்டு தள்ளி நின்று பேசிக்கொண்டே எடுக்கலாம், மூக்குக்கு முன்னால் கேமராவை நீட்ட வேண்டியதில்லை.

"இன்னும் நீளமா ஒண்ணு வேண்டாமா அண்ணே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மலையில் நீள லென்ஸ் எடுக்க நினைப்பது தூரத்து முகட்டை. அந்தத் தூரம் முழுக்கக் காற்று, ஈரம், சமவெளியிலிருந்து ஏறி வரும் தூசி. வெயில் ஏறியபின் அவ்வளவையும் ஊடுருவி எடுத்த படம் சாம்பல் பூசியதாகத்தான் வரும். லென்ஸ் எவ்வளவு விலையானாலும் இடையிலுள்ள காற்றை அது மாற்றாது. மிக அகலமான லென்ஸும் எனக்கு வேண்டாம். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஐந்து படம் எடுத்து வீட்டில் ஒட்டிவிட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் வந்துவிடும். பறவைகளுக்காக வருகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டுரை உதவாது, அவர்களுக்கு நீளம் வேண்டும். ஊருக்குள் வரும் காட்டுமாடுகளை 50இல் பெரிதாக எடுக்கப் பார்க்காதீர்கள். அந்தப் படத்தை விட்டுவிடலாம், உயிர் முக்கியம்.

மழையைச் சொல்ல மறந்துவிடக்கூடாது. இரண்டுமே ஈரமும் தூசியும் புகாதபடி அடைத்த லென்ஸ்கள். கேமரா பாடியும் அதே வகையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். கொடைக்கானல் சாரலுக்குப் பயந்து மரத்தடியில் ஒதுங்கிய காலம் போயிற்று! சாரலில்தான் வில்பட்டியின் பச்சை கொழுக்கும்.

குறைவாகக் கொண்டுபோவதால் நஷ்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் ஒரு லைகா, ஒரு 50 மி.மீ. லென்ஸ் என்றே உலகத்தைச் சுற்றினார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார், ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோதும் அங்கேதான். சிறிய கேமராவை வைத்திருந்தவர் அங்கிருந்த துயரத்தையும் அமைதியையும் கலைக்காமல் எடுத்துத் தந்தார். அவருடைய ஃபிலிம் கேமராவின் 50, என் இரண்டு லென்ஸ்களின் பார்வைக்கும் நடுவே விழுகிறது. அதனால் மூன்றாவதைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை.

மலைமேலேயே இன்னொரு சான்று உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிவதற்குக் காரணம், ஒரே ஒழுங்கில் பொறுமையாக எடுத்துக்கொண்டே வந்ததுதான். ஒரே படிநிலத்தை ஒரே லென்ஸால் விதைப்பிலும் அறுவடையிலும் எடுத்துப் பாருங்கள், காடு மாறுவது அப்படியே தெரியும்.

அக்கா மகள் 23, 50 இரண்டோடுதான் இத்தாலி போனாள். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. அதில் கேமராவும் லென்ஸும் போக ஸ்வெட்டருக்கும் இடம் இருந்தது. இருண்ட தேவாலயங்களுக்குள் எஃப்2, சந்துகளில் 23, எதிர்ச்சரிவு வீடுகளுக்கு 50. வில்பட்டியில் பழகிய கை அங்கே தடுமாறவில்லை.

ஃபியூஜிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. முழு ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர்கள் 35ஐயும் 85ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள், எஃப்1.8 அல்லது எஃப்2 போதும், எஃப்1.4 கனம் வேண்டாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அகலமானதை முதலில் வாங்குங்கள். வில்பட்டிக்கு விடியற்காலையில் வந்துவிடுங்கள். காட்டுக்குள் காலை வைக்குமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எடுத்த படத்தில் ஒரு பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுவந்து கொடுங்கள்.