பெரிய ஆசாரிக்குப் பிறகு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிப் பட்டறைகளுக்கு உரிய அந்தப் பெயரை வெளியூர்ச் சரக்கின்மேல் ஒட்டி விற்பது இனி சட்டப்படி குற்றம். கல்வராயன் மலைக்குக் கிழக்கே வாகை போன்ற மரங்களில் சாமி உருவங்களைச் செதுக்கும் இந்தத் தொழில், கணினியுலகம் இன்று திறந்த மூல வடிவமைப்பு என்று சொல்வதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு. உருவங்களின் அளவு விகிதத்தைச் சொல்லும் தாலமானத்தை எடுத்துக்கொள்வோம். உத்தம தசதாலத்தில் உருவத்தின் மொத்த உயரம் 124 அங்குலம், நவதாலத்தில் 108. இது அடிக்கோலில் இருக்கும் அங்குலம் அல்ல. தசதாலத்தில், செதுக்கப்போகும் உருவத்தின் உயரத்தை 124ஆல் வகுத்தால் வருவதுதான் ஓர் அங்குலம். ஆகவே ஒரு சாண் உருவத்துக்கும் ஆள் உயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே. இந்தக் கணக்கு எவருடைய சொத்தும் அல்ல. கற்றவர் யாரும் எடுத்தாளலாம், தம் கைக்கேற்பச் சற்றே மாற்றியும் பார்க்கலாம்.

விதி பொதுவாக இருப்பதால் அதிகாரமும் பொதுவாகிவிடுவதில்லை. எந்த வடிவமைப்புச் சமூகத்திலும் சிலருடைய சொல்லுக்கே எடை அதிகம். மரச்சிற்பத்தில் அது பெரிய ஆசாரியின் சொல். முகவாய் கூம்பியிருக்கிறது, இடுப்பின் வளைவு போதவில்லை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடக்கூடிய கண் அவருக்கு உண்டு. அந்தக் கண் இல்லாமல் கணக்கு மட்டும் இருந்தால் உருவம் பிழையற்றதாக இருக்கும், உயிரோடு இராது. இளையவர்கள் தொழிலில் நிலைப்பதற்கும், வாங்குபவர் நம்பி வருவதற்கும் அவரே காரணம். இந்த வலிமையைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆனால் அதே மனிதரிடம் வேறு வகைச் செல்வாக்கும் சேரக்கூடும். ஆர்டர் அவர் வழியாகத்தான் வரும், வரைபடங்கள் அவர் பெட்டியில்தான் இருக்கும், விருதும் விளம்பரமும் அவர் பெயருக்கே போகும். முதல் வகைச் செல்வாக்கு பிறர் கைக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டாவது வாசலில் நின்று வழிமறிக்கிறது. சமூகத்தின் நிலைப்பு, செல்வாக்குள்ளவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்ததல்ல. அந்தச் செல்வாக்கு எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே என் வாதம்.

இதற்கு வெளியுலகில் தெளிவான சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பவ்யர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், முப்பரிமாண அச்சு எந்திரத்தின் வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அந்தச் சமூகத்திலிருந்து 2009இல் பிறந்த மேக்கர்பாட் நிறுவனம், 2012இல் தன் புதிய எந்திரத்தின் வடிவமைப்பை மூடிக்கொண்டது. பலரும் இதைத் துரோகமாகவே பார்த்தார்கள். ஆனாலும் ரெப்ராப் சாகவில்லை. வரைபடம் ஆயிரம் கைகளில் இருந்தது. செக் நாட்டு இளைஞர் யோசப் ப்ரூஷா எளிமைப்படுத்திய வடிவம் ஏற்கெனவே பரவியிருந்தது. அடிபட்டது வேறோர் இடத்தில். எல்லோரும் தங்கள் வடிவங்களைச் சேர்த்துவைத்த திங்கிவெர்ஸ் களஞ்சியம் மேக்கர்பாட்டின் கையில் இருந்தது. நம்பிக்கை குலைந்ததும் பகிர்ந்தவர்கள் எதிர்ப்பில் இறங்கினார்கள். அறிவு பரவியிருந்த இடம் தாங்கியது, சாவி ஒருவரிடம் இருந்த இடம் ஆட்டம் கண்டது.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்துக்கு வைத்தியநாத ஸ்தபதி முதலில் தலைமையேற்றார்; பின்னர் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி பல்லாண்டுகள் அதை நடத்தினார். குமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதியைவிடச் செல்வாக்குள்ள சிற்பியை அந்தத் தலைமுறையில் காட்டுவது கடினம். அவர் 2011இல் மறைந்தார். கல்லூரியாக வளர்ந்திருந்த அந்த நிலையம் நின்றுவிடவில்லை. வீட்டுக்குள் தந்தை மகனுக்குச் சொன்னது பாடத்திட்டமாக மாறியிருந்ததுதான் காரணம். ஸ்தபதியின் தனி மேதைமை அவரோடு போயிருக்கலாம். கணக்கும் பயிற்சியும் போகவில்லை.

திறந்துவைத்தால் திருட்டுதானே பெருகும், வரைபடத்தைப் பொதுவில் வைத்தால் கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரம் வைத்திருப்பவன் ஒரே நாளில் நூறு பலகை வெட்டித் தள்ளுவானே என்று கேட்பார்கள். அச்சம் உண்மையானது. ஆனால் எந்திரக்காரனுக்கு வரைபடம் தேவையில்லை. முடிந்த சிற்பம் ஒன்றை வாங்கி நகலெடுத்தால் போதும். பெட்டியைப் பூட்டுவதால் தடுக்கப்படுவது பக்கத்துப் பட்டறை இளைஞன் மட்டுமே. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: குழு கூடிச் சிற்பம் செய்ய முடியாது, தரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் பெரியவரிடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை. தரம் பார்ப்பவரும் ஆர்டர் பிரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்கிறேன். இரண்டும் ஒரே கையில் இருந்தால், வேலை சரியில்லை என்ற சொல் உண்மையிலேயே குறையைச் சொல்கிறதா, கூலியைக் குறைக்கச் சொல்கிறதா என்று சிறு பட்டறைக்காரருக்குத் தெரியாது.

புவிசார் குறியீடு இங்கேதான் சோதனைக்கு வருகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் குறியீட்டை எவருக்கும் விற்கவோ உரிமம் கொடுக்கவோ இடம் தரவில்லை; அந்த வகையில் அது நல்ல பொதுச்சொத்து. ஆனால் உரிமையாளராகப் பதிவாவது ஓர் அமைப்பு. செதுக்குபவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்பவும் சென்னைப் பதிவகத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும் தெரிந்தவர் யார்? ஏற்கெனவே செல்வாக்குள்ளவர்தான். சின்னசேலத்தில் தனியாகக் கொட்டாப்புளி பிடிக்கும் ஒருவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறாதவரை, அவர் செய்த பிள்ளையார் அந்த முத்திரையோடு சந்தைக்குப் போக இன்னொருவரின் பெயரைத்தான் நாட வேண்டியிருக்கும். பெரிய ஆசாரிகள் தங்களிடம் கற்றவர்களின் விண்ணப்பங்களை வரும் ஆண்டிலேயே தாங்களே முன்னின்று அனுப்பட்டும்.