வெயிட்கீ எதற்காகக் காத்திருக்கிறது?

புனேயை அடுத்த சாக்கணில், வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒரு பிற்பகல் முழுவதும் இருட்டோடு போராடினேன். பற்சக்கரத்தில் கீறல் தேடும் கேமரா வைத்திருந்தார்கள். திரையில் படம் கன்னங்கரேல் என்றிருந்தது. விளக்கைக் கூட்டினோம், லென்ஸைத் துடைத்தோம், பலனில்லை. கடைசியில் பார்த்தால் கேமராவில் குற்றமே இல்லை. அது தந்தது 12 பிட் படம், உச்ச மதிப்பு 4095. அதை 16 பிட் படமாக வாங்கி, ஓப்பன்சிவி என்ற கணினிப் பார்வை நூலகத்தில் படம் காட்டும் சார்பான இம்ஷோவிடம் கொடுத்திருந்தோம். 16 பிட் படம் எதுவானாலும் இம்ஷோ 256-ஆல் வகுத்துத்தான் காட்டும். 255 வரை ஏறவேண்டிய வெளிச்சம் 16-லேயே நின்றுவிட்டது.

1999-இல் இன்டெல்லில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிவைத்த ஓப்பன்சிவியில், சன்னல் வேலையெல்லாம் ஹைஜியூஐ என்ற பகுதியுடையது. அதன் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பெயரும் படமும் கொடுத்தால் சன்னல் தானே திறக்கும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அதே வரி. அடியில் இருப்பது ஜிடிகேயா, கியூட்டியா என்று மாணவர் கவலைப்பட வேண்டாம். ஒரு டிராக்பார் வைத்து, திரெஷோல்டை இழுத்து இழுத்துப் பார்க்கச் சில வரிகள் போதும். இந்த எளிமைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

குறைகள் இரண்டு வகை. முதல் வகை, இல்லாமை. இயல்பான ஆட்டோசைஸ் சன்னலில் 4000×3000 படத்தைத் திறந்தால் அது திரைக்கு வெளியே வழியும். பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், சுழற்சியில் அடுத்த பிரேம் வந்ததும் சன்னல் மறுபடி முளைக்கும். சன்னலுக்கு அடையாளமே அதன் பெயர்தான் என்பதால், ஓர் எழுத்துப் பிழை இரண்டாவது சன்னலைத் திறந்துவிடும். இவற்றை மன்னிக்கலாம். சட்டென்று செய்து பார்க்கத்தான் ஹைஜியூஐ, முழுமையான இடைமுகத்துக்குக் கியூட்டி போன்றவற்றிடம் போங்கள் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

இரண்டாம் வகை, மௌனம். வெயிட்கீ என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்தால் விசை அழுத்தலுக்குக் காத்திருப்பது போலத் தெரியும். உண்மையில் சன்னலுக்கு வரும் நிகழ்வுகளைக் கவனித்துப் படத்தை வரையவைப்பதும் அதுதான். அதை விட்டுவிட்டால் பிழைச் செய்தி வராது, படமும் வராது. அதே வேலைக்குப் பின்னாளில் சேர்த்த போல்கீயின் பெயரிலும் விசைதான் இருக்கிறது, சன்னல் இல்லை. இம்ஷோ செய்யும் வகுத்தலும் இதே ரகம். தசம எண் படமென்றால் 255-ஆல் பெருக்கும். 0 முதல் 255 வரை மதிப்புள்ள படத்தை அப்படியே தசமமாக மாற்றிக் கொடுத்தால் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையாகிவிடும்.

இதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் நிரல் ஓடும்போது சொல்லாதது, விளக்கைச் சந்தேகித்து நிற்பவருக்கு உதவாது.

பேசத் தெரியாத நூலகமும் அல்ல. புனேயின் ஐசர் கல்வி நிறுவனத்தில் உள்ள பரம் பிரம்மா போன்ற மீக்கணினியில் தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு அங்கே திரை கிடையாது. அத்தகைய இடங்களுக்கென்று சன்னல் இல்லாத ஹெட்லெஸ் பதிப்பு உண்டு. அதில் இம்ஷோவை அழைத்தால், இந்த வசதி இங்கே இல்லை என்று உடனே பிழை காட்டி நின்றுவிடும். நேர்மையான தோல்வி அது.

ஆகவே என் தீர்ப்பு இது. கற்கவும் சோதிக்கவும் ஹைஜியூஐ-க்கு ஈடு சொல்வது கடினம். ஆலைத் தளத்தில் ஆபரேட்டர் பார்க்கும் திரைக்கு அது கூடாது. உப்புப் பார்க்கும் கரண்டியால் பந்தி பரிமாற முடியாது. அங்கே அதை வைத்தால் அந்தப் பிழை நம்முடையது. கேட்காமலே படத்தின் மதிப்பை மாற்றிவிட்டு வாய் திறக்காதது மட்டும் நூலகத்தின் பிழை. அது வாய் திறக்கும்வரை, சன்னலில் இருட்டைக் கண்டால் விளக்கைத் தொடுமுன் படத்தின் உச்ச மதிப்பை ஒரு வரியில் அச்சிட்டுப் பாருங்கள்.