சந்திரமுகி 2: ஐயம் நீங்கிய இடத்தில் அச்சமும் நகையும்

ஆய்வுச்சுருக்கம்

பி. வாசு இயக்கத்தில் 2023இல் வெளிவந்த 'சந்திரமுகி 2' பெரும் எதிர்பார்ப்பைத் தோற்றுவித்து, அதனை நிறைவு செய்யத் தவறிய படமாகும். இதற்கு நடிகர் மாற்றத்தையோ தொழில்நுட்பக் குறையையோ மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. முதற்படத்தின் அச்சமும் நகையும் எந்த ஐயத்திலிருந்து பிறந்தனவோ, அந்த ஐயத்தையே இரண்டாம் படம் நீக்கிவிட்டது. இக்கருத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், சங்க அகப்பாடல்களின் வெறியாட்டு மரபு ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பேய் நகைச்சுவைப் படம், மெய்ப்பாடு, அணங்கு, வெறியாட்டு, சந்திரமுகி.

முன்னுரை

ஃபாசில் இயக்கத்தில், மது முட்டம் எழுத்தில் 1993இல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படம் தென்னிந்திய மொழிகளிலும் இந்தியிலும் பல வடிவங்களைப் பெற்றது. இக்கதையைப் பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும், 2005இல் தமிழில் 'சந்திரமுகி' என்றும் இயக்கினார். தமிழ்ப்படம் சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கும் மேலாக ஓடியது. இவ்வெற்றியின் நினைவே பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த தொடர்ச்சிப் படத்தின் முதன்மை முதலீடாக அமைந்தது. ராகவா லாரன்ஸ், கங்கனா ரணாவத் ஆகியோரின் நடிப்பு, ஆஸ்கர் விருது பெற்ற ஆண்டிலேயே வெளிவந்த கீரவாணியின் இசை, முருகேசனாக வடிவேலுவின் மீள்வருகை ஆகியன எதிர்பார்ப்பைப் பெருக்கின. செப்டம்பர் 15இல் வெளியாகும் என அறிவிக்கப்பட்ட படம் செப்டம்பர் 28இல் திரைக்கு வந்தது. ஆயினும் முதற்படம் பெற்ற வரவேற்பில் சிறு பகுதியையும் அது பெறவில்லை.

நகையும் அச்சமும்

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையும் அச்சமும் தனித்தனி நிலைக்களன்களை உடையவை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு உரியவை. அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும் அச்சத்திற்கு உரியவை. உரையாசிரியரான பேராசிரியர் பேய், பூதம் முதலியவற்றை அணங்கினுள் அடக்குவார். இவ்வகையில் நோக்கின், பேய் நகைச்சுவைப் படம் என்பது அணங்கினால் பிறக்கும் அச்சத்தையும் பேதைமையால் பிறக்கும் நகையையும் ஒரே நிகழ்ச்சியில் இணைக்க முயலும் வகைமை எனலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக அமையும்போதே அவ்விணைப்பு பொருளுடையதாகிறது. வெறுமனே மாறிமாறி வரும்போது படம் இரண்டாகப் பிளவுபடுகிறது.

'சந்திரமுகி'யில் முருகேசனின் பேயச்சம் பார்வையாளர்க்கு நகைப்பைத் தருகிறது. மனநல மருத்துவரான சரவணன் அருகில் இருப்பதால், அந்த அச்சம் பேதைமையாகவே தோன்றுகிறது. அதே வேளையில் வீட்டாரின் ஐயம் துர்காவின்மீது திருப்பப்படுகிறது. நகைப்பில் ஆழ்ந்த பார்வையாளர் கங்காவின் சிறுசிறு மாற்றங்களைக் கவனியாது விடுகின்றனர். இறுதியில் சரவணன் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தி விளக்கும்போது, முன்பு நகைத்துக் கடந்த காட்சிகள் அச்சத்தின் தடயங்களாக மாறுகின்றன. நகை அச்சத்தை மறைக்கும் திரையாகச் செயல்பட்டிருப்பதை இங்குக் காணமுடிகிறது.

இரண்டாம் படத்தில் வடிவேலுவின் நகைச்சுவைக்கு இப்பணி இல்லை. முருகேசன் அஞ்சுவது உண்மையாகவே உள்ள பேய்க்கு. எனவே அவனது அச்சம் பேதைமை ஆகாது. அறிவுடைய எவரும் கொள்ளத்தக்க அச்சமே ஆகும். நகைக்குரிய நிலைக்களன் இவ்வாறு அற்றுப்போனதால், பழைய காட்சிகளை நினைவூட்டும் உடல்மொழியையும் சொற்களையுமே அப்பாத்திரம் நம்ப வேண்டியதாயிற்று. நடிகரின் ஆற்றல் குறைந்தது என்பதைவிட, அவ்வாற்றல் செயல்படுவதற்கான களம் கதையில் இல்லை என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

வெறியாட்டும் மருத்துவமும்

குறிஞ்சித்திணைப் பாடல்களில் இடம்பெறும் வெறியாட்டு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தலைவியின் மெலிவு முருகனது அணங்கினால் நேர்ந்தது எனத் தாய் கருதுகிறாள். வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். மெலிவின் காரணம் காதல் என்பதைத் தலைவியும் தோழியும் அறிவர். கேட்போரும் அறிவர். வேலனின் கணிப்பு பிழையானது என்ற அறிவே அச்சூழலில் நகையையும் இரக்கத்தையும் ஒருங்கே தோற்றுவிக்கிறது. தோழி அறத்தொடு நிற்கும்போது அணங்கு என்னும் விளக்கம் விலகி, பெண்ணின் மனம் கண்முன் நிற்கிறது.

'சந்திரமுகி'யின் கதையமைப்பு இம்மரபுக்கு நெருக்கமானது. பேய் எனப் பிறர் கருதுவதைச் சரவணன் மனநோய் என அறிகிறான். தோழியின் இடத்தில் மருத்துவன் நிற்கிறான். அம்மருத்துவ விளக்கம் குறைபாடற்றதன்று. மாந்திரிகரின் துணையோடு, வேட்டையனைப் போன்ற உருவத்தை எரிக்கச் செய்து நோயைத் தீர்க்கும் முறையை மனநல மருத்துவம் ஏற்காது. எனினும் கங்கா பேயாக அன்றி, நோயுற்ற பெண்ணாகவே இறுதிவரை மதிக்கப்படுகிறாள். அவளை அடிக்கவோ கட்டிவைக்கவோ முற்படாமல் காப்பதே கதையின் நோக்கமாகிறது. ஜோதிகா என்ற ஒரே நடிகை கங்காவாகவும் சந்திரமுகியாகவும் மாறுவதால், அச்சம் வெளியிலிருந்து வருவதாக அன்றி அறிமுகமான முகத்துக்குள்ளிருந்து எழுவதாக அமைகிறது. அதுவரை தமிழ் பேசிய கங்கா தெலுங்கில் பேசத் தொடங்கும் இடம் இவ்வுத்தியின் உச்சமாகும்.

இரண்டாம் படமோ பேய் இல்லை என விளக்கப்பட்ட அதே அரண்மனையில் பேயை மெய்ப்பொருளாக்குகிறது. பீடிக்கப்படும் திவ்யாவாக லட்சுமி மேனனும், முற்காலச் சந்திரமுகியாகக் கங்கனாவும் நடித்துள்ளனர். ஓருடலில் நிகழ்ந்த பிளவு இருவேறு உடல்களுக்குப் பகிரப்பட்டதும் உளவியல் அடித்தளம் சிதைகிறது. திவ்யாவின் உடல், வேட்டையன், சந்திரமுகி ஆகியோரின் பழம்பகை நிகழ்வதற்கான இடமாக மட்டும் சுருங்குகிறது. வேலனின் கணிப்பே மெய்யாகிவிடும் வெறியாட்டு இது. அங்குத் தோழிக்கும் வேலையில்லை. பெண்ணின் மனத்தை அறிய வேண்டிய தேவையும் இல்லை.

இரு மரபுகளின் மோதல்

பேயை மெய்யெனக் கொள்வதே குறை என்பது இதன் பொருளன்று. லாரன்ஸ் இயக்கிய 'காஞ்சனா' (2011) பேயை மெய்யென ஏற்ற படமே. ஆனால் அங்குப் பேய், கொல்லப்பட்ட திருநங்கையின் குரலாக நின்று நீதி கோருகிறது. அஞ்சிய நாயகனின் உடலே அக்குரலுக்கு இடமளிக்கிறது. கோழையின் உடலில் வீறு புகுவதால் நகையும் அச்சமும் அங்கும் ஒரே காரணத்தில் பிறக்கின்றன. 'சந்திரமுகி' நோயறியும் மரபையும் 'காஞ்சனா' நீதி கோரும் மரபையும் சார்ந்தவை. 'சந்திரமுகி 2' இவ்விரண்டையும் இணைக்க முயன்று, முன்னதன் ஐயத்தையும் பின்னதன் சமூகக் கோபத்தையும் ஒருங்கே இழக்கிறது.

தொடர்ச்சிப் படம் பொழுதுபோக்குக்கு உரியது. அதில் இத்தகைய ஒழுங்கை எதிர்பார்த்தல் மிகை என வாதிடலாம். முதற்படமும் பொழுதுபோக்குப் படமே. நகைப்புக்கும் பாட்டுக்கும் சண்டைக்கும் இடம் தந்தவாறே ஐயத்தை இறுதிவரை அது காத்தது என்பதால், அவ்வாதம் வலுவற்றுப் போகிறது.

முடிவுரை

'சந்திரமுகி 2'இன் தோல்வி நினைவுக்கும் அமைப்புக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்த்துகிறது. அரண்மனை, நடனம், முருகேசன், வேட்டையன் என நினைவில் நின்ற உறுப்புகள் யாவும் மீண்டும் கொண்டுவரப்பட்டன. அவற்றை இணைத்த ஐயம் மட்டும் கொண்டுவரப்படவில்லை. இது வணிக இழப்பு மட்டுமன்று. மனநோயைப் பேயெனக் கருதும் வழக்கம் நிலவும் சமூகத்தில், பேய் எனப்பட்ட பெண்ணை நோயுற்றவளாகக் கண்ட வெகுமக்கள் படம் ஒன்றின் பெயரிலேயே, அவளை மீண்டும் பேயாக்கும் படம் வெளிவந்துள்ளது. தமிழ்ப் பேய் நகைச்சுவைப் படங்களை மதிப்பிடும் ஆய்வுகள், அவை எவ்வளவு அச்சுறுத்தின, எவ்வளவு நகைக்கச் செய்தன என்பனவற்றோடு, அச்சத்திற்கு ஆளான பெண்ணுக்கு அவை எவ்விடம் அளித்தன என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.