குறை டேப்லெட்டிலா, பீரோவிலா?

வைஃபைஅனலைசர் என்ற செயலி எதையும் சரிசெய்யாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பொத்தானை அழுத்தினால் போதும், சிக்னல் கூடிவிடும் என்று ஆசை காட்டும் 'பூஸ்டர்' செயலிகள் ப்ளே ஸ்டோரில் நிறையக் கிடக்கின்றன. செயலியைப் போட்டு ஆன்டெனாவின் பலத்தைக் கூட்ட முடியாது. விஆர்இஎம் வெளியிடும் இந்த ஆண்ட்ராய்டு செயலி அளந்து காட்டுவதோடு சரி. இலவசம், விளம்பரம் இல்லை, மூலநிரலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பட்டுக்கோட்டையில் நாடியம்மன் கோயில் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் இதை ஓட்டிப் பார்த்தேன். திண்ணை, கூடம், இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை என்று பின்னால் நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. மோடம் கூடத்தில், டிவிக்குப் பின்னால். அக்கா மகள் டேப்லெட்டை வைத்துக்கொண்டு படிப்பது இரண்டாம் கட்டில். "மாமா, போன்ல வருது, இதுல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். டேப்லெட்டை மாற்றிவிடலாம் என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

செயலி சிக்னலை டிபிஎம் கணக்கில், கழித்தல் குறியோடு காட்டுகிறது. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. கூடத்தில் -45. அவள் உட்காரும் இடத்தில் -82. பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் இந்தக் கணக்கில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் அவளுக்குப் போய்ச் சேர்வது கூடத்தில் இருப்பதில் சுமார் 5,000-இல் ஒரு பங்கு. தடங்கல் இல்லாமல் வீடியோ ஓட -67 பக்கமாவது இருக்க வேண்டும். இடையில் நிற்பது தடித்த செங்கல் சுவரும் அதை ஒட்டி ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோவும். சுவர் அலையைக் கொஞ்சம் விழுங்கும்; இரும்பு திருப்பியே அனுப்பிவிடும்.

போனில் மட்டும் எப்படி வந்தது? செயலியைப் போனில் திறந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தது, டேப்லெட் 5 கிகாஹெர்ட்ஸில். இரண்டு அலைவரிசைக்கும் மோடத்தில் ஒரே பெயர். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். கூடத்தில் அதைப் பிடித்துக்கொண்ட டேப்லெட், உள்ளே போன பிறகும் விடவில்லை. மோடத்தின் செட்டிங்ஸில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தோம். டேப்லெட்டில் பழைய பெயரை அழித்துவிட்டு 2.4-ஐ மட்டும் சேர்த்ததும் பாதி வியாதி தீர்ந்தது.

மீதிப் பாதி தெருவில் இருந்தது. செயலியின் சேனல் படத்தில் அக்கம்பக்கத்து மோடங்கள் எல்லாம் வளைவு வளைவாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன, கோயில் திருவிழாவில் ஒரே தெருவுக்குள் கட்டிய பல ஒலிபெருக்கிகள் மாதிரி. இந்தியாவில் 2.4-இல் 13 சேனல்கள் உண்டு என்றாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. தெருவே 6-இல் குவிந்திருந்ததால் 11-க்கு மாற்றினோம். 12, 13 பக்கம் போகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் வாங்கி வந்த டேப்லெட்டாக இருந்தால் அந்தச் சேனலில் உங்கள் வைஃபை கண்ணிலேயே படாமல் போகலாம்.

கடைசியாக மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, நிலைக்கு மேலே பலகை அடித்து வைத்தோம். ஃபைபர் வயரை நாமே இழுத்து மடக்கக் கூடாது, உள்ளே கண்ணாடி இழை. கேபிள்காரரை வைத்துத்தான் செய்தோம். இரண்டாம் கட்டில் இப்போது -64. கொல்லையில் இன்னும் தேறாது. அதற்கு ரிப்பீட்டர் வாங்குவதைவிட லேன் வயர் இழுத்து இன்னொரு ரூட்டர் வைப்பதே என் கட்சி. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும்.

செயலியில் குறை இல்லாமல் இல்லை. லொகேஷனை ஆன் செய்யாவிட்டால் பட்டியல் காலியாக வரும். பயப்பட வேண்டாம், ஆண்ட்ராய்டின் விதி அது. ஆண்ட்ராய்டு 9 முதல் 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஒரு செயலி ஸ்கேன் செய்யலாம். அதனால் நடந்துகொண்டே பார்த்தால் எண் பழையதாகவே நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்று பாருங்கள். ஐபேடுக்கு இது கிடையாது. அங்கே ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டியில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று: இது அளப்பது மோடத்துக்கும் டேப்லெட்டுக்கும் நடுவே உள்ள தூரத்து விவகாரத்தை மட்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் இந்தப் பக்கம் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. அந்த அளவுக்கு வேண்டாம், ஒரு மட்டை வயர்மேல் விழுந்தாலே போதும், வீட்டுக்குள் வைஃபை முழுசாக இருக்கும், நெட் மட்டும் இருக்காது. செயலி அப்போதும் -45 என்றே காட்டும். மோடத்தில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு கேபிள்காரருக்கு போன் போடுங்கள்.